ஐம்பதா, எண்பத்தைந்தா

மார்ச் 3, திங்கள்

முப்பத்தைந்து எம்எம் லென்ஸ் போய்விட்டது. கை தவறிவிட்டதாக டாக்டரிடம் சொன்னேன். உண்மையில் தவறியது கை இல்லை, புத்தி. லென்ஸைக் கழற்றி ஸ்டூலின் ஓரத்தில் வைத்துவிட்டுத் துடைக்கிற துணியைத் தேடினேன். துணி என் தோளிலேயே கிடந்தது. திரும்பிய வேகத்தில் முழங்கை பட்டது. விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. எடுத்து ஆட்டிப் பார்த்தால் உள்ளே கிலுகிலு என்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுக்கலாம்.

நான் இந்தக் கிளினிக்கில் சேருவதற்கு முன்பிருந்தே அந்த லென்ஸ்தான். இங்கே எனக்கு வேலை ஒன்றே ஒன்று. மூக்கையோ தாடையையோ திருத்திக்கொள்ள வருகிறவர்களை அறுவைக்கு முன் ஒரு தடவை, எல்லாம் ஆறிய பின் ஒரு தடவை படம் எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான் வீட்டுக்கும் எடுத்துப் போகிற லேப்டாப்பில் இரண்டு ஃபோல்டர்: முன், பின். அறை ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகள் அடுக்கிய அறை. ஒரு சுவரில் நீலத் துணி, அதன் முன் ஸ்டூல், கை நீட்டினால் ஸ்டூலில் இருப்பவரைத் தொட்டுவிடும் தூரத்தில் தரையில் ஒரு கறுப்பு டேப். டேப்பில் நின்றுதான் எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் ஒட்டியது. ஏன் அங்கே என்று நான் கேட்டதில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, புதிதாகவும் ஒன்று வாங்கச் சொன்னார். எது வாங்கட்டும் என்றேன். "மூக்கை நான் பாத்துக்கறேன். லென்ஸை நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படிச் சொன்னால் எனக்குத்தான் இரட்டிப்புப் பயம்.

மார்ச் 4, செவ்வாய்

லென்ஸ் கடைக்குப் போனால் தெளிவு பிறக்கும் என்று போனேன். இருந்த தெளிவும் போயிற்று.

முகம் எடுக்க என்றதும் கடைக்காரர் மூன்றை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வரிசையாக வைத்தார். ஐம்பது, எண்பத்தைந்து, நூறு. ஐம்பதைத் தொட்டால் அது எல்லாவற்றுக்கும் ஆகும் என்கிறார். எண்பத்தைந்தைத் தொட்டால் முகத்துக்கென்றே செய்தது என்கிறார். நூறைத் தொட்டால் இமை முடியை எண்ணலாமாம். நான் எதற்கு ஊரார் இமை முடியை எண்ண வேண்டும்? எதுதான் நல்லது, ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் மூன்றுமே நல்லது என்கிறார். பழைய முப்பத்தைந்தே இருக்கிறதா என்று கேட்டேன். "முகத்துக்கா மேடம்?" என்று கேட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருபது வருடம் ஸ்டூடியோ நடத்தியவளைப் பார்க்கிற பார்வையா அது?

ஸ்டூடியோவில் எனக்கு வலது கையே எண்பத்தைந்துதான். அதில் எடுத்தால் சிடுமூஞ்சிகூடச் சாந்தமாக வரும். ஆனால் அந்தப் பொந்து மாதிரி அறைக்கு அது ஒத்துவருமா? எண் கூடக் கூடத் தள்ளி நின்று எடுக்க வேண்டுமே. ஐம்பது என்றால் இடம் போதும். ஆனால் எண்பத்தைந்தின் அழகு வராது. மாதக் கடைசி வரை எண்பத்தைந்தை எடுத்துப் போய்ப் பார்க்கும்படி கடைக்காரரே கொடுத்தார். இல்லையென்றால் கடையை மூடும் வரை அங்கேயே நின்றிருப்பேன்.

மார்ச் 5, புதன்

ஐம்பதா, எண்பத்தைந்தா. யோசித்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் பால்.

மார்ச் 7, வெள்ளி

எண்பத்தைந்தை மாட்டிக்கொண்டு டேப்பில் நின்றேன். காதும் தாடையும் சட்டத்துக்கு வெளியே. பின்னால் போனேன், சுவர் இடித்தது. கடைசியில் கதவைத் திறந்துவைத்து, வராந்தாவில் நின்றுகொண்டு உள்ளே இருப்பவரை எடுத்தேன். மருந்து வண்டி தள்ளுகிற நர்ஸ் இரண்டு தடவை என்னை நகரச் சொன்னாள்.

ஸ்டூலில் இருந்தது ஒரு கணக்கு டீச்சர். மூக்கின் நடுவில் இருந்த மேட்டை எடுத்துக்கொண்டவர். அறுவைக்கு முந்தைய படமும் நான் எடுத்ததுதான், பழைய முப்பத்தைந்தில். இன்று பின் படத்தை அதன் பக்கத்தில் வைத்துத் திரையில் காட்டினேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது நான் பண்ணதா?" என்று கேட்டுச் சிரித்தார். டீச்சரின் சம்மதத்தோடு சாயங்காலமே அந்த இரண்டு படங்களும் நோயாளிகள் காத்திருக்கிற கூடத்து டிவியில் ஓட ஆரம்பித்துவிட்டன.

எனக்கும் கால் தரையில் பாவவில்லை. எண்பத்தைந்தையே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். வராந்தாவில் நின்றால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 9, ஞாயிறு

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். பாப்பா ஒரு தலையணை உறையை உதறிக்கொண்டே, முடிவெட்டிக்கொள்ளப் போகிறேன் என்பதுபோலச் சொன்னாள்: "அம்மா, நான் மூக்கு பண்ணிக்கப் போறேன்."

வயது இருபத்து மூன்று. வீட்டில் இன்னும் பாப்பாதான். வெள்ளிக்கிழமை என்னை அழைத்துப் போகக் கிளினிக்குக்கு வந்தவள், நான் பையைக் கட்டுவதற்குள் டிவியில் டீச்சர் படத்தைப் பார்த்திருக்கிறாள். டாக்டரிடம் பேசியிருக்கிறாள். தேதியே வாங்கிவிட்டாள். ஏப்ரல் 9, காலை முதல் ஆள். என்னிடம் சொல்லிவிட்டாளா என்று டாக்டர் கேட்டாராம். சொல்லிவிடுகிறேன் என்றாளாம். ஆக, இப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

மூக்கில் என்னடி குறை என்று கேட்டேன். "உனக்குத் தெரியாதும்மா. நீ பாத்துப் பழகிட்ட" என்றாள். நடுவில் தடித்திருக்கிறதாம், நுனி கீழே இறங்கியிருக்கிறதாம். அவள் வேலை ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், லேப்டாப்பில் வாடிக்கையாளர்களோடு முகம் பார்த்துப் பேசுகிற வேலை. நாள் முழுக்கத் திரையின் மூலையில் தன் முகமும் தெரியுமாம். பேசுகிறவர் முகத்தைப் பார்க்கவே முடிவதில்லையாம், கண் அந்த மூலைக்கே போகிறதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது.

அது என் மூக்குடி. அச்சு அசல் என் மூக்கு. பிறந்த அன்னிக்கே பார்த்தவங்க எல்லாரும் சொன்னாங்க, மூக்கு அப்படியே அம்மான்னு. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது. இப்ப அதை எடுக்கணுமாம். என் முகத்துக்கு நேரா நின்னு சொல்றா.

ஆனால் நான் என்ன சொல்ல முடியும்? தினமும் இதற்கென்று வருகிறவர்களைப் படம் எடுக்கிறேன். யாரையும் தப்பாக நினைத்ததில்லை. பிறத்தியார் மூக்கு என்றால் நியாயம், என் மூக்கு என்றால் அநியாயமா?

மார்ச் 10, திங்கள்

கண்ணாடியில் பார்த்தேன். இருபது வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றதில் இதை மறந்தே போயிருந்தேன். இதுவா? இவ்வளவு மோசமாகவா இருக்கிறது?

மார்ச் 12, புதன்

பாப்பாவின் படங்கள் எல்லாவற்றையும் லேப்டாப்பில் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து வயதில் ஸ்டூடியோவில் எடுத்தது: மூக்கு இருப்பதே தெரியவில்லை. பள்ளிக்கூடக் குழுப்படம், தூரத்திலிருந்து: அகன்ற முகம், சின்ன மூக்கு. அவளே செல்போனில் கையை நீட்டி எடுத்துக்கொண்டவை நூற்றுக்கணக்கில்: நீள முகம், மூக்குதான் முதலில் வருகிறது, காது எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. ஒரே வாரத்தில் எடுத்த இரண்டு படங்களில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

லென்ஸ் மாறினால் முகம் மாறும் என்பது எனக்குத் தெரியாததா? சோறு போட்டதே அதுதான். ஆனால் இதில் எது அவள் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என்னையே கேட்டுக்கொண்டதில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை என்றால் யாருக்குத் தெரியும்?

இவரிடம் கேட்டேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தவர், "மூக்கு மூச்சு விடறதுக்கு. விடுதில்ல? அப்புறம் என்ன?" என்றார். அதோடு தூங்கியும் விட்டார். கொடுத்துவைத்தவர்.

மார்ச் 15, சனி

பாப்பாவுக்கு முன் படம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று வந்தாள். யாரோ மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தாள், யாரோ மாதிரி நானும் வராந்தாவில் நின்று எடுத்தேன்.

படம் அருமையாக வந்தது. அழகுப் பெண். இதைப் பார்த்தாலே மனது மாறிவிடும் என்று ஒரு நப்பாசை. அதனால்தான் எண்பத்தைந்திலேயே எடுத்தேனோ? ஆமாம், அதனால்தான்.

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீ ஏமாத்தறம்மா. இது நான் இல்ல, உன் லென்ஸ் பண்ற வேலை" என்றாள். கோபம்கூட இல்லை. பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

லென்ஸ் பண்ற வேலை. காலையிலிருந்து அது மண்டையைக் குடைகிறது. அவள் விஷயத்தில் லென்ஸ் பண்ணியது என்றால் — டீச்சர் விஷயத்தில்?

மார்ச் 17, திங்கள்

முதல் வேலையாக டீச்சரின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். மூக்கைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தேன்.

முன் படத்தில் இரண்டு காதும் கன்னத்துக்குப் பின்னால் பதுங்கியிருக்கின்றன, விளிம்பு மட்டும் தெரிகிறது. பின் படத்தில் முழுக் காதும் வெளியே வந்து நிற்கிறது, தோட்டோடு. டாக்டர் காதில் கை வைக்கவே இல்லையே!

முன்னது முப்பத்தைந்தில், முகத்துக்குக் கிட்டே நின்று எடுத்தது. கிட்டே போனால் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது பெரிதாகும், பின்னால் இருப்பது சுருங்கும். பின்னது எண்பத்தைந்தில், வராந்தாவிலிருந்து. தள்ளிப் போனால் எல்லாம் தன் அளவுக்கு வந்துவிடும். டாக்டர் எடுத்தது மேட்டை மட்டும். மிச்ச மூக்கைச் சின்னதாக்கியது நான்.

ஸ்டூடியோக்காரியின் புத்தி. வருகிறவர்களை எல்லாம் அழகாக்கி அனுப்பியே பழகிவிட்டது. இங்கே வேண்டியது அழகு இல்லை, இரண்டு தடவையும் ஒரே மாதிரி எடுப்பது. அந்தக் கறுப்பு டேப்பை ஒருவர் அதற்காகத்தான் ஒட்டியிருக்கிறார். அதைத் தாண்டி வராந்தாவுக்குப் போனவள் நான்.

இந்தப் பத்து நாளில் இப்படி ஏழெட்டுப் பேர். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் பெண் தேதி வாங்கினாள்.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டர் அறை வரை போனேன். எதற்கு வந்தேன் என்று கேட்டார். டியூப்லைட் மினுக்குகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

எனக்கே முழுசாக நம்பிக்கை இல்லை. நான்தான் மகள் மேல் உள்ள ஆற்றாமையில் எல்லாவற்றையும் லென்ஸ் மேல் போடுகிறேனோ என்று ஒரு சந்தேகம். அதனால் சாயங்காலம் இவரைப் பிடித்து உட்காரவைத்தேன்.

அலமாரியில் கிடந்த பழைய ஜூம் லென்ஸை முப்பத்தைந்தில் வைத்து, கை எட்டும் தூரத்தில் நின்று ஒன்று. பிறகு சட்டையை மாற்றச் சொல்லி, சமையலறை வாசல் வரை போய் எண்பத்தைந்தில் ஒன்று. சட்டை எதற்கு என்றார். சும்மா மாற்றுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டேதான் மாற்றினார், ஆனால் மாற்றினார்.

கத்தி படாமலே இவருக்கு மூக்கு சின்னதாகிவிட்டது. வயதுகூட நாலைந்து குறைந்த மாதிரி. படத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தன் செல்லுக்கு அனுப்பச் சொல்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. இவருடைய இரண்டு படங்களையும் டீச்சருடையதைப்போலவே பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் மேஜையில் காட்டினேன். எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"நல்லாப் பண்ணிருக்காங்களே. நுனியை அளவா எடுத்திருக்காங்க. தழும்பே தெரியல. யாரு பண்ணது?"

"யாரும் பண்ணல டாக்டர். அது எங்க வீட்டுக்காரர். நேத்து சாயங்காலம் எடுத்தது. ரெண்டுக்கும் நடுவுல சட்டை மட்டும்தான் மாத்தினாரு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பக் குனிந்து பார்த்தார். டீச்சர் படத்தைக் கேட்டார். காதைக் காட்டினேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். கடைசியில், "ரெண்டு வாரமா என்னை நானே மெச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிவியை அவரே போய் அணைத்தார். எண்பத்தைந்தில் பின் படம் எடுத்த அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு, பழைய தூரத்தில் எடுக்கச் சொன்னார். நான் கதவருகே போனபோது பாப்பாவைப் பற்றிக் கேட்டார். அவள் வந்தது அந்தப் படத்தைப் பார்த்துத்தானா என்று. ஆமாம் என்றேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றார். தேதியைத் தானாக மாற்ற மாட்டாராம். அவள் முடிவை அவள்தான் சொல்ல வேண்டுமாம்.

வெளியே வந்து நீர் குடித்தேன். பாரம் இறங்கியதா, ஏறியதா என்று தெரியவில்லை.

மார்ச் 22, சனி

டீச்சர் வந்தார். டேப்பில் நின்று, ஜூமை முப்பத்தைந்தில் வைத்து எடுத்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். கணக்கு சொல்லித் தருகிறவர் அல்லவா, பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். பழைய முன் படத்தையும் இன்றைய படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேடு போயிருக்கிறது, அது நிஜம். மற்றபடி அதே மூக்கு.

"அந்தப் படத்தைப் பாத்த தைரியத்துலதான் கண்ணாடி முன்னாடி நின்னேன்" என்றார். போகும்போது பொய்ப் படத்தைத் தரமுடியுமா என்று கேட்டார். தந்தேன். உண்மையை வேண்டாம் என்றுவிட்டார்.

நான் செய்தது சரியா? அவர் சந்தோஷமாகத்தானே இருந்தார். யாருக்காக இந்த உண்மை? அவருக்காகவா, எனக்காகவா?

மார்ச் 23, ஞாயிறு

பாப்பாவிடமும் சொன்னேன். டீச்சர் காது, அப்பா சட்டை, எல்லாம். உன் லேப்டாப் கேமராவும் உன் செல்போனும் அந்த முப்பத்தைந்தைவிட மோசம்டி, முகத்துக்கு அவ்வளவு கிட்டே வைத்தால் யார் மூக்கும் அப்படித்தான் தெரியும் என்றேன். என் குரலிலேயே ஒரு குதூகலம் இருந்தது போல. ஜெயித்துவிட்ட மாதிரி. அதை அவள் கவனித்துவிட்டாள்.

"அப்ப என்னைப் பாக்கறவங்க எந்த லென்ஸ்ல பாக்கறாங்கம்மா?"

ஸ்டூடியோ, கிளினிக் என்று இத்தனை வருடம் குப்பை கொட்டியவள், கேமராப் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"உனக்கு என் மூக்கைப் பத்திக் கவலை இல்ல. உன் மூக்கைக் காப்பாத்தணும், அவ்வளவுதான்."

கதவைச் சாத்திக்கொண்டாள். படார் என்று அடைக்கவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அதுதான் தாங்கவில்லை. அவ சொன்னது பொய்னு என்னால சொல்ல முடியலையே. அவ இந்த மூக்கை வேண்டாம்னா என்னையே வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கு. இருக்குதான். என்ன பண்ண?

மார்ச் 25, செவ்வாய்

பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 28, வெள்ளி

எந்த லென்ஸ்ல பாக்கறாங்க?

அளக்கிற நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன். வரவேற்பு மேஜையில் வந்து பேசுகிறவருக்கும் அங்கே இருக்கிற பெண்ணுக்கும் நடுவில் எவ்வளவு தூரம். டாக்டருக்கும் நோயாளிக்கும் எவ்வளவு. காத்திருக்கிற இரண்டு பேர் பேச்சுக்கொடுத்தால் எவ்வளவு. நர்ஸ் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்க்கிறாள். ஆகித்தான் விட்டது.

யாரும் யாரையும் கை எட்டும் தூரத்தில் முகத்தை முட்டிக்கொண்டு பார்ப்பதில்லை. வராந்தாவில் நின்றுகொண்டும் பார்ப்பதில்லை. பேசுகிறவர்கள் ஏறக்குறைய ஒரு மேஜை தூரத்தில்தான் இருக்கிறார்கள். நான் லென்ஸை முதலில் எடுத்துவிட்டு, அதற்கேற்ற இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தேன். எங்கே நிற்பது என்பதல்லவா முதல் கேள்வி? ஸ்டூடியோவில் அதை நான் கேட்கவே இல்லை. வருகிறவர் பணம் கொடுத்தது அழகுக்கு.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையை அளந்தேன். புது மேஜை வாங்கப் போகிறோமா என்று இவர் கேட்டார்.

மார்ச் 29, சனி

எண்பத்தைந்தைத் திருப்பிக் கொடுத்து ஐம்பதை வாங்கிவிட்டேன். முகத்துக்கென்றே செய்ததை விட்டுவிட்டு இதைப் போய் எடுக்கிறேனே என்று கடைக்காரருக்கு மனத்தாங்கல். மேஜைக்கு எடுக்கிறேன் என்றேன். மேஜையைப் படம் எடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அப்படியே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

இவர் கடைக்குப் போயிருந்தார். பாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து மேஜை மேல் கேமராவை வைத்தேன். அவள் கண் அதன் மேல் போனது.

அவள் கேள்விக்குப் பதிலைச் சொன்னேன். உன்னைப் பார்க்கிறவர்கள் இங்கிருந்துதான் பார்க்கிறார்கள், நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து. அறுவை செய்துகொள், செய்துகொள்ளாமல் இரு, அது உன் பாடு. ஆனால் மூக்கின் அளவைத் திரை மூலையைப் பார்த்து முடிவு பண்ணாதே, இங்கிருந்து பார்த்து முடிவு பண்ணு. என் மூக்கு என்பதால் எனக்கு வலித்தது நிஜம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எடு என்றாள். எடுத்தேன். சிரிக்கச் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பச் சொல்லவில்லை.

பார்த்தாள். மூக்கு இருந்தது. என்னுடைய மூக்குதான், நடுவில் தடித்து, நுனி இறங்கி. காதும் இருந்தது. எதுவும் ஒளியவும் இல்லை, முந்திக்கொண்டு வரவும் இல்லை. நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேமராவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இப்ப நீ உக்காரு."

எனக்குக் கை கால் எல்லாம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எத்தனை ஆயிரம் பேரை அசையாதீர்கள் என்று மிரட்டியிருப்பேன். முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பப் போனேன். "திரும்பாத. நேரா என்னைப் பாரு" என்றாள். பார்த்தேன்.

எடுத்த படத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்க்கப் போனால் கேமராவைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தானேம்மா இருக்கு" என்றாள்.

என்னைச் சொன்னாளா, மூக்கைச் சொன்னாளா, லென்ஸைச் சொன்னாளா, கேட்கவில்லை. கேட்டுக் குட்டையைக் குழப்புவானேன்.

ஏப்ரல் 2, புதன்

கறுப்பு டேப்பைச் சுரண்டி எடுத்தேன். ஸ்டூலை நகர்த்தாமல், அங்கிருந்து மேஜை தூரம் அளந்து வெள்ளை டேப் ஒட்டினேன். அறைக்குள்ளேயே இடம் போதுகிறது, நர்ஸுக்கும் நிம்மதி. இனி புதிதாக வருகிறவர்களுக்கு முன்னும் பின்னும் இங்கிருந்துதான், ஐம்பதில்தான். முப்பத்தைந்தில் முன் படம் எடுத்த பழையவர்களுக்கு மட்டும் பழைய தூரத்தில். அந்த இடத்தில் சுரண்டிய தடம் இருக்கிறது, அது போதும்.

பாப்பா பேசுகிறாள். உப்பு எங்கே, சாவி எங்கே. ஒன்பதாம் தேதியைப் பற்றி ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இந்த வாரம்தான் தெரிகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போய் அவள் அறையில் என்னவோ செய்துகொண்டிருந்தாள். திருப்பித் தரும்போது சார்ஜ் இல்லை. வழக்கம்போல.

ஏப்ரல் 9, புதன்

காலை முதல் ஆளாக வந்தது பந்து பட்டு மூக்கு உடைந்த ஒரு பையன். வெள்ளை டேப்பில் நின்று எடுத்தேன். பாப்பாவின் இடத்துக்கு இவன் எப்படி வந்தான் என்று வரவேற்பில் கேட்டேன். திங்கட்கிழமையே பாப்பா டாக்டரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. டாக்டரிடம் விசாரித்தேன். "இப்போதைக்கு வேண்டாம்னா. அவ்வளவுதான் சொன்னா" என்றார். இப்போதைக்கு என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பத்து மணி வாக்கில் அவளிடமிருந்து போன். மழை வரும்போல இருக்கிறதாம், குடையை எங்கே வைத்தேன் என்று கேட்டாள். அலுவலகம் போன பிறகா குடையைக் கேட்பது என்று திட்டினேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தேன். வராதவர்களின் ஃபோல்டரை அழித்துவிடுவது வழக்கம். அவளுடையதைத் திறந்தேன். முன் என்பதில் நான் வராந்தாவிலிருந்து எடுத்த அழகுப் பெண்ணைக் காணோம். அதற்குப் பதில் சாப்பாட்டு மேஜையில் எடுத்த படம் இருந்தது. பின் காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதிலும் ஒன்று இருந்தது. திறந்தால் நான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே லென்ஸ், ஒரே மேஜை, ஒரே தூரம். காதுகூட ஒரே அளவில் இருக்கிறது. இதை ஒப்பிடலாம், தப்பே இல்லை.

அழிக்கவில்லை.